ராத்திரி லென்ஸ்: குன்னூரிலிருந்து ஒன்றரை வருட அனுபவம்

மகளுக்குப் பத்து வயதில் ஒரே வருடத்தில் மைனஸ் 1.5 பவர் 2.75 ஆனதும் பயந்துபோய்த்தான் ஆர்த்தோ-கே லென்ஸ் வாங்கினோம். தூங்கும்போது போடும் கெட்டி லென்ஸ். கருவிழியின் நடுப்பகுதியை லேசாகத் தட்டையாக்குவதால் காலையில் கழற்றியதும் கண்ணாடி இல்லாமலே பள்ளிக்கூடக் கரும்பலகை தெரிகிறது, சில நாள் போடாமல் விட்டால் பழையபடி மங்கல்தான். கிட்டப்பார்வை இதனால் குணமாகாது, பவர் ஏறக் காரணமான கண்ணின் நீள வளர்ச்சி மட்டுப்படும், அவ்வளவே. ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை இரண்டு வருடம் பார்த்த ஆய்வில், கண்ணாடி போட்டவர்களைவிட அந்த வளர்ச்சி 43 சதவீதம் குறைவு. எங்கள் பிள்ளைக்கும் அளவு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது.

மழைக்காலத்தில் கண்ணாடியில் பனி படியும் தொல்லை போனதே எனக்குப் பெரிசு!

விலைதான் கடி. அதைவிட, ஒவ்வொரு பரிசோதனைக்கும் கோயம்புத்தூர் இறங்க வேண்டும், மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளில் இவள் வாந்தி எடுப்பாள். பின்னால் வரும் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் என்று கடையில் முதலில் சொல்லவே இல்லை, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது, கிருமித் தொற்று வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஒருநாள் கண் சிவந்திருந்தது, அன்று போடவிடாமல் டாக்டருக்குப் போன் செய்தேன். கை கழுவச் சோம்பல்படும் பிள்ளை என்றால் வாங்காதீர்கள்.