இழுபறியா, முட்டுக்கட்டையா, தொகைநிலையா?

மொழிபெயர்ப்பு வேலையில் 'ஸ்டேல்மேட்' என்ற சொல் அடிக்கடி என் முன் வந்து நிற்கும். கை தானாக 'இழுபறி' என்று தட்டிவிடும். பேச்சுவார்த்தை நின்றுபோனாலும் இழுபறி, வாக்கு எண்ணிக்கை நெருக்கமாகப் போனாலும் இழுபறி, போர் ஓரிடத்தில் உறைந்தாலும் இழுபறி. நல்ல சொல்தான், ஆனால் எல்லா இடத்திலும் அது பொருந்துவதில்லை. இரண்டு தரப்பும் வெல்ல முடியாத நிலைக்குத் தமிழில் கையருகே பல சொற்கள் இருக்கின்றன. எதை எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

இழுபறியில் கயிறு இன்னும் கையில் இருக்கிறது. இவர் இழுக்கிறார், அவர் பறிக்கிறார், எந்த நொடியிலும் யாராவது சாயலாம். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ் – காஸ்பரோவ் உலக சதுரங்க சாம்பியன் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆறு ஆட்டம் வெல்பவருக்குப் பட்டம். கார்ப்போவ் 27ஆவது ஆட்டத்திலேயே ஐந்தாவது வெற்றியைத் தொட்டுவிட்டார். ஆறாவது வரவேயில்லை. காஸ்பரோவ் ஒன்று, அப்புறம் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு என்று மூன்றை எடுத்தார். மொத்தம் 48 ஆட்டங்கள், அதில் 40 டிரா. 1985 பிப்ரவரியில் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் காம்போமானெஸ் முடிவே இல்லாமல் போட்டியை நிறுத்தினார். ஐந்து மாத இழுபறி என்று இதைத் தயங்காமல் எழுதலாம்.

அதே சதுரங்கத்தில் 'ஸ்டேல்மேட்' என்பது வேறு. ராஜாவை எந்தக் காயும் தாக்கவில்லை, அதாவது 'செக்' இல்லை, ஆனால் ஆட வேண்டியவருக்கு விதிப்படி நகர்த்தக்கூடிய காய் ஒன்றும் இல்லை, ஆட்டம் டிரா. கட்டுண்டது ஒரு தரப்புதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. சதுரங்கத்தில் அதே அடைப்பு தோற்கவேண்டியவரைக் காப்பாற்றிவிடுகிறது. ஆகவே சதுரங்கச் செய்தியில் 'ஸ்டேல்மேட்' என்றே எழுதிவிடுவேன். இழுபறி என்றால் ஆடுபவர்களுக்கே குழப்பம்.

'சமன்' இன்னும் வழுக்கும் சொல். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட்டில் ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 744. கடைசி ஓவரில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார், டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை' பிறந்தது. 'சமனில் முடிந்தது' என்று எழுதினால், ஐந்து நாள் ஓடியும் ஆட்டம் முடியாமல் போகும் சாதாரண டிராவும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிராவில் கணக்கு முடிவதில்லை. டையில் கணக்கு கடைசி ஓட்டம் வரை முடிந்து, தராசு நேராக நிற்கிறது. எனக்கு 'சமன்' டைக்கு மட்டும் வேண்டும். டிராவை டிரா என்றே விட்டுவிடலாம், சிறுவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

முட்டுக்கட்டை விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். தேரோட்டத்தில் அந்தக் கட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சக்கரம் உருண்டு வரும்போது ஒருவர் ஓரமாக ஓடிவந்து கட்டையை அடியில் கொடுக்கிறார். சக்கரம் அதன்மேல் ஏறி அரைத்து, தேர் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. கட்டையைப் போட ஒரு கை இருக்கிறது. எனவே 'பேச்சுவார்த்தையில் முட்டுக்கட்டை' என்று எழுதும்போதே, யாரோ ஒருவர் போட்டார் என்று வாசகர் மனதில் குற்றம் ஏறிவிடுகிறது. ஒரு தரப்புதான் தடுத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதுங்கள். இருவருமே விட்டுக்கொடுக்காதபோது அந்தச் சொல் அநியாயம்.

'தேக்கநிலை' இதற்கு நேர் எதிர். யார் மேலும் குற்றம் இல்லை, தண்ணீர் தானாகத் தேங்கியது போல. கொரியப் போரில் 1951 ஜூலையில் பேச்சு தொடங்கியது. போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது 1953 ஜூலை 27இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் போர்முனை பெரிதாக நகரவில்லை, ஆனால் குன்று குன்றாகச் சண்டை நடந்துகொண்டே இருந்தது, ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அதைத் தேக்கம் என்று எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

'இருதலைக்கொள்ளி எறும்பு' இந்த வரிசையிலேயே சேராது. மாணிக்கவாசகர் தன்னைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார். தீ இரண்டு, எறும்பு ஒன்று. இரண்டு கட்சிகளின் மோதலுக்கு அதை இழுத்துவருவது தவறு.

சரி, இருவருமே தோற்றால்? அதற்கு ஒரு சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: தொகைநிலை. நேருக்கு நேர் போரைப் பாடும் தும்பைத் திணையில், இரு வேந்தரும் அவர்களைச் சார்ந்தவர்களும் ஒருவர்கூட மிஞ்சாமல் மாய்வதைச் சொல்லும் துறை. எதிர்த்து நின்றவர்கள் இருவருக்கும் ஒரே முடிவு என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு சொல் எனக்குத் தெரியாது. இன்றைய செய்தியில் போட்டால் ஒரு வரி விளக்கம் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான்.

நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று, இருவருமே சோழர், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று புலவர் கோவூர்கிழார் சொன்னது, அந்தத் தொகைநிலைக்குப் போய்ச் சேரும் முன் தடுப்பதற்காக. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் பெருவிறற்கிள்ளியும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் விழுந்த களத்தைப் பரணர் பாடுகிறார்: யானைகள் அம்பு பட்டு ஒழிந்தன, குதிரைகள் வீரரோடு மாண்டன, தேரில் வந்தவர்கள் ஒருசேர மாய்ந்தார்கள். இறுக்கிக் கட்டிய முரசுகள் சுமக்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தன.