எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி மாட்டிவிட்டு, பழியை லினக்ஸ் மேல் போட்ட கடை

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய எண்ணுபவர்கள், அதிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போடப் போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் பாடங்களை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அசைபடமாகச் செய்து தருவது என் தொழில். அதற்காக ரைசன் 7 5700எக்ஸ், என்விடியாவின் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம் என்று பட்டியல் போட்டு, 80 பிளஸ் கோல்ட் என்ற மின்சிக்கனச் சான்று பெற்ற 650 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்றின் மாடல் எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தேன். மதிப்பீட்டுத் தாளில் அந்த மாடல் எண் அப்படியே இருந்தது. பணம் கட்டிய பிறகு, "கேபினெட்டுக்குள்ள கேபிள் இழுக்கிறது கஷ்டம் சார், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நாங்களே மாட்டித் தந்துடறோம்" என்றார்கள். நானும் சம்மதித்தேன். பில்லில் "எஸ்எம்பிஎஸ் 650 வாட்" என்று மட்டும் இருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

மற்றவற்றை வீட்டில் பொருத்தி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 நிறுவினேன். எழுதுவது, படம் பார்ப்பது எல்லாம் சரியாக நடந்தன. ஆனால் ரெண்டர், அதாவது காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை, தொடங்கி மூன்று நான்கு நிமிடங்களில் கம்ப்யூட்டர் ஒரே அடியாக அணைந்துவிடும். அதன் பிறகு முன்பக்கப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எழாது. பின்பக்கச் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும்.

கடையில் சொன்னபோது, "லினக்ஸ்ல என்விடியா டிரைவர் இப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுப் பாருங்க" என்றார்கள். உபுண்டுவில்தான் குறையோ என்று ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸுக்கு மாறினேன், பிறகு டெபியன் 12 என்ற இன்னொன்றுக்கு மாறினேன். இப்படி ஒன்பது நாட்கள் போயின. மூன்றிலும் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வேறு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பதிப்பு வேறு; ஆனால் அணைந்த விதம் மட்டும் ஒன்றே.

அப்போதுதான் முந்தைய ஓட்டத்தின் பதிவைக் காட்டும் "ஜர்னல்சிடிஎல் -பி -1" கட்டளையைக் கொடுத்துப் பொறுமையாகப் படித்தேன். டிரைவரில் கோளாறு என்றால் பெரும்பாலும் "எக்ஸ்ஐடி" என்று தொடங்கும் பிழை வரி கெர்னல் பதிவில் விழும்; கெர்னலே நிலைகுலைந்தால் திரை உறைந்து நிற்கலாம், ஆனால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். என் பதிவிலோ பிழையும் இல்லை, அணையப் போவதாக ஓர் அறிவிப்பும் இல்லை. ஒரு சாதாரண வரியோடு எல்லாம் நின்றிருந்தது. மின்சாரம் சட்டென்று அறுந்தால் பதிவு இப்படித்தான் நிற்கும். உறுதிப்படுத்திக்கொள்ள, "என்விடியா-எஸ்எம்ஐ -பிஎல் 120" என்று கொடுத்து, கார்டு இழுக்கும் மின்சாரத்தை 170 வாட்டிலிருந்து 120 வாட்டாகக் குறைத்தேன். இரவு முழுவதும் ரெண்டர் தடையின்றி ஓடியது. காலையில் மறுபடி 170 ஆக்கினேன். ஐந்தாவது நிமிடம் அணைந்துவிட்டது.

கேபினெட்டின் அடித்தட்டில், மூடிக்குள் மறைந்திருந்த எஸ்எம்பிஎஸ்ஸை நான்கு திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்தேன். கையில் எடுத்ததுமே எடை குறைவு என்று தெரிந்தது. நான் கேட்ட நிறுவனமே அல்ல. "கோல்ட்" என்பது சான்றிதழாக இல்லாமல் மாடலின் பெயராக இருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் இணைப்பு, பழைய ஹார்ட் டிஸ்க் வகை மோலெக்ஸ் பிளக்குகள் இரண்டைச் சேர்த்த அடாப்டர். அதில் ஒன்றின் வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சள் கம்பி நுழையும் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் என்று தனித்தனியாக மின்சாரம் தரும். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 30 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 360 வாட். 5 வோல்ட்டில் 32 ஆம்பியர், 3.3 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்று உதவாத இடத்தில் தாராளமாகப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டித்தான் 650ஐ நெருங்கியிருந்தார்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே இழுக்கின்றன. உண்மையான 650 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் அந்த இடத்தில் 54 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். என் கார்டுக்கு 170, பிராசஸருக்கு 76, மற்றவற்றுக்கு ஒரு 50 என்று வைத்தால் 300ஐத் தொடுகிறது. போதாததற்கு, கார்டு மில்லி விநாடி அளவில் தன் வரம்பையும் தாண்டி இழுக்கும். லேபிளில் உள்ள 360ஐயே இது தாங்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதே 550 வாட் எஸ்எம்பிஎஸ்தான்.

80 பிளஸ் பற்றியும் ஒரு சொல். கோல்ட் என்றால், பாதிச் சுமையில் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் என்று பொருள். பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது அளப்பதில்லை. சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் இணையத்தில் இருப்பதால், கடையில் நின்றபடியே போனில் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடலாம். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

கம்ப்யூட்டரைக் கடைக்கே கொண்டுபோனேன். மறுநாள் வரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டவர்கள், என்னைக் கேட்காமலேயே டிஸ்க்கை அழித்து விண்டோஸ் நிறுவி, வெறும் டெஸ்க்டாப்பைப் பத்து நிமிடம் காட்டி, "பாருங்க, நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு நூறு வாட்கூடத் தேவைப்படாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இதற்கு 1,500 ரூபாய் சர்வீஸ் கட்டணம் வேறு. லினக்ஸ் போட்டதால் வாரண்டி செல்லாது என்றும் சொன்னார்கள். வாரண்டி அட்டையில் அப்படி ஒரு வரியும் இல்லை. பிரதி எடுக்காத இரண்டு பாடங்களின் கோப்புகள் போயே போயின. சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் தயவுசெய்து மதர்போர்டில் செருகியிருக்கும் எம்.2 டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஒரே ஒரு திருகுதான்.

வேறு கடையில் சுமார் 7,000 ரூபாய்க்கு நான் முதலில் கேட்ட அதே மாடலை, பெட்டியை என் கண்முன் பிரிக்கச் சொல்லி வாங்கினேன். மறுபடி உபுண்டு 24.04 போட்டேன். டிரைவரை நிறுவும்போதே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், 2029 வரை திருத்தங்களும் வரும் என்பதால் என் வேலைக்கு அதுவே பொருத்தம். டெபியன் 12இலும் ஃபெடோராவிலும் என் வேலைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மாதமாக முழு 170 வாட்டில் ரெண்டர் ஓடுகிறது, ஒருமுறைகூட அணையவில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு, எஸ்எம்பிஎஸ்ஸின் விலையை மட்டும் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். சர்வீஸ் கட்டணத்தைப் பற்றியும் அழித்த கோப்புகளைப் பற்றியும் பேச்சில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வதற்காக மதிப்பீட்டுத் தாள், பில், லேபிளின் படம், பழுப்பேறிய அடாப்டர் நான்கையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.