ஒளியைக் காதலிக்கும் பாடல்: டச்சுப் பாடல் நூல் 'லீட்புக்'

1973ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பதிலாக 2013இல் வெளிவந்த 'லீட்புக்' என்னும் டச்சுத் திருச்சபைப் பாடல் நூலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுள் 601ஆம் எண்ணுள்ள ஒன்றுக்காகவே வாங்கலாம். இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையில் முன்பு இருந்த கவிஞர் ஹூப் ஓஸ்டர்ஹைஸ் எழுத, அந்துவான் ஓமன் இசையமைத்தது அது. விடியற்குளிரில், ஒதுங்க இடமின்றித் தனித்தனியே நிற்கும் நம்மைத் தொட்டு உலுக்கும் ஒளியிடம், 'என்னைப் போர்த்து, எனக்குள் தீ மூட்டு' என்று இறைஞ்சுவதும், 'உன் குழந்தை நான், என்னைச் சுமந்து செல்' என மரியாதைச் சொல்லின்றி நெருங்குவதும் காதலின் மொழியே. மனிதருள் மிகப் பிரியமானவர், முதற்பேறானவர் என்று கிறிஸ்துவை அது விளிப்பதோ முடிவில்தான். அந்தத் தாமதமே எனக்கு மிகவும் பிடித்தது. இழுத்துப் பாடினால் அந்த ஏக்கம் கெட்டுவிடும்.