டெர்மினலில் ஓடுகிறது, லாகினில் ஓடவில்லை: லினக்ஸ் தொடக்க ஸ்கிரிப்ட்களோடு என் அனுபவம்

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் லாகின் செய்ததும் தானாக ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்கள் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகள்) சில என்னிடம் எப்போதும் உண்டு. ஆவணங்களை ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு வெளி வட்டுக்கு நகலெடுப்பது, கேப்ஸ் லாக் விசையை கண்ட்ரோலாக மாற்றுவது, குறிப்புகள் இருக்கும் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தைப் புதுப்பிப்பது, ஒரு பைத்தான் நிரலைப் பின்னணியில் ஓடவிடுவது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று லினக்ஸ் வகைகளையும் க்னோம், பிளாஸ்மா, ஐ3 என்று டெஸ்க்டாப்களையும் மாறி மாறிப் பயன்படுத்தியதில், தொடக்கத்தில் ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கு இருக்கும் வழிகளில் பெரும்பாலானவற்றோடு நீண்ட காலம் பழகியிருக்கிறேன். எவை நின்று உழைத்தன, எவை எங்கே காலை வாரின என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "டெர்மினலில் ஓட்டினால் சரியாக ஓடுகிறது, பூட் ஆனதும் மட்டும் ஓடவில்லை." ஸ்கிரிப்டில் பிழை இருக்குமோ என்று அதையே வரி வரியாகத் திருத்திக்கொண்டிருப்பார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான நேரம் ஸ்கிரிப்ட் சரியாகவே இருக்கும். அதை யார் ஓட்டுகிறார்கள், எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள், கையில் என்னென்ன கொடுத்து ஓட்டுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. டெர்மினலைத் திறக்கும்போது பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரல்) உங்கள் .பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைப் படித்துவிடுகிறது, திரை தயாராக இருக்கிறது, இணையம் வந்துவிட்டது, தொலைக் கணினிகளுக்குள் நுழையும் சாவி எஸ்எஸ்எச் ஏஜென்டில் திறந்திருக்கிறது, வெளி வட்டு மவுண்ட் ஆகி (கோப்பு அடைவுகளோடு இணைந்து) இருக்கிறது. தொடக்க நேரத்தில் இவற்றில் ஒன்றுகூட உறுதி கிடையாது.

அதனால் எந்த ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் நான் முதலில் அதன் தலைப்பகுதியில் சில வரிகள் சேர்ப்பேன். வெளியீடு, பிழைச் செய்தி இரண்டையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடும் எக்ஸிக் வரி ஒன்று. நேரத்தை எழுத டேட். சூழல் மாறிகள் (நிரல்களுக்குக் கடத்தப்படும் அமைப்பு மதிப்புகள்) எல்லாவற்றையும் கொட்ட என்வ். ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் காட்ட செட் -எக்ஸ். பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வந்து பார்ப்பேன். பதிவுக் கோப்பே உருவாகவில்லை என்றால் ஸ்கிரிப்டின் முதல் வரிக்கே யாரும் வரவில்லை. கோப்பு உருவாகியிருந்தால் ஸ்கிரிப்ட் தொடங்கி நடுவில் எங்கோ விழுந்திருக்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு நோய்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளை ஒவ்வொன்றாக முயல்வதில்தான் மணிக்கணக்கில் நேரம் போகிறது.

முதல் வகையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இயக்க அனுமதி இல்லாதது (சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்தால் சரியாகிவிடும்), நோஎக்ஸிக் (எதையும் இயக்கக் கூடாது) என்று மவுண்ட் செய்த பகிர்வில் ஸ்கிரிப்டை வைத்திருப்பது, எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! முதல் வரியில் இல்லாதது, விண்டோஸில் திருத்தியதால் வரி முடிவில் கூடுதல் குறி ஒட்டிக்கொண்டு "பேட் இன்டர்பிரெட்டர்" என்று நிற்பது. ஃபெடோராவில் இன்னொன்றும் உண்டு: சிஸ்டம் முழுமைக்குமான சர்வீஸ் (பின்னணி வேலை) ஒன்று வீட்டு அடைவில் உள்ள ஸ்கிரிப்டை ஓட்ட முயன்றால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுத்துவிடும். சிஸ்டம்டி (பூட்டையும் சர்வீஸ்களையும் ஆளும் நிரல்) காட்டும் நிலையில் 203 என்ற எண்ணைப் பார்த்தால் இந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும். ஷெல் 126 தந்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் இயக்க முடியவில்லை. 127 தந்தால் கட்டளையே கிடைக்கவில்லை.

அந்த 127 பெரும்பாலும் இரண்டாம் வகைக்குக் கொண்டுபோகும். காரணம் பாத், அதாவது கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல். என்விஎம், பைஎன்வ் போன்ற பதிப்பு மேலாளர்கள் தங்கள் பாதையை .பாஷ்ஆர்சியில் எழுதிவைக்கின்றன. உபுண்டு தரும் .பாஷ்ஆர்சியைத் திறந்து பாருங்கள்: ஊடாடும் ஷெல்லாக இல்லாவிட்டால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடு என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கும். ஆகவே ஸ்கிரிப்டுக்குள் அந்தக் கோப்பை சோர்ஸ் செய்தாலும் (படிக்கச் சொன்னாலும்), அந்த வரிக்குக் கீழே இருக்கும் பாத் அமைப்பு வந்து சேராது. நான் இப்போது எந்தத் தொடக்க ஸ்கிரிப்டிலும் பாத்தை முதலிலேயே முழுதாக எழுதிவிடுகிறேன். பைத்தான் நிரல் என்றால் அதன் வென்வ் (தனிச் சூழல்) அடைவுக்குள் இருக்கும் பைத்தானையே முழுப் பாதையோடு அழைக்கிறேன்.

ஷெல் எது என்பதும் இங்கே முக்கியம். உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து /பின்/எஸ்எச் (ஸ்கிரிப்ட்களுக்கான இயல்பு ஷெல்) என்பது டாஷ் என்ற சிறிய ஷெல். இரட்டைச் சதுர அடைப்பு, அரே, சோர்ஸ் எல்லாம் பாஷுக்குத் தெரியும், டாஷுக்குத் தெரியாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழக்கமாக எஸ்எச்சைத்தான் பயன்படுத்தும். அதனால் பாஷில் பழகிய கையால் கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியலில்) நேரடியாக ஒரு நீள வரியை எழுதினால் அது டாஷிடம் போய் முறியும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

கிரானின் @ரீபூட் (பூட் ஆனதும் ஓட்டு) பலருக்கும் முதலில் தோன்றும் வழி, எனக்கும் நெடுநாள் துணை. திரையோடு தொடர்பே இல்லாத வேலைக்கு அது இன்றும் நன்றாக உழைக்கிறது. ஆனால் அது லாகினுக்காகக் காத்திருக்காது. கிரான் டீமன் (பின்னணி நிரல்) எழுந்ததும் ஓடிவிடும். எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்பிளே மாறி கிடையாது, நிரல்கள் பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸின் முகவரி கிடையாது, பாத்தில் இரண்டு அடைவுகள்தான் இருக்கும். நோட்டிஃபை-சென்ட் போட்டால் அறிவிப்பு வராது. பிழைச் செய்தியை மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும், டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் அஞ்சல் மென்பொருள் இருக்காது, செய்தி அப்படியே வீசப்படும். டெஸ்க்டாப் வேலைக்கு கிரானை இனி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஒரு சின்னக் குறி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. நகலுக்குத் தேதியைப் பெயராக வைக்க டேட் கட்டளையோடு % குறியைப் போடுவோம். கிரான்டேபில் அந்தக் குறிக்குப் புதிய வரி என்று அர்த்தம். கட்டளை அங்கேயே வெட்டுப்படும். .டெஸ்க்டாப் கோப்பில் எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் எக்ஸிக் வரியிலும் அதற்குத் தனிப்பொருள் உண்டு, சர்வீஸை விவரிக்கும் சிஸ்டம்டி யூனிட் கோப்பிலும் உண்டு. ஆக மூன்று இடத்திலும் அது சிக்கலைத் தரும். நான் எடுத்த முடிவு இது: அழைக்கும் வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதை மட்டும் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் போகட்டும்.

ஷெல் கோப்புகளைப் பொறுத்தவரை .பாஷ்ஆர்சியில் தொடக்க வேலையை எழுதவே வேண்டாம். ஒவ்வொரு டெர்மினல் திறக்கும்போதும் ஓடும், லாகினில் ஓடாது. லாகினில் படிக்கப்படும் .புரொஃபைல் பரவாயில்லை, ஆனால் .பாஷ்_புரொஃபைல் என்று இன்னொரு கோப்பு இருந்தால் பாஷ் முதலாவதைப் படிக்காது. ஏதோ ஒரு நிறுவி அந்தக் கோப்பை உருவாக்கிவிட்டுப் போனால், நேற்று வரை ஓடியது இன்று ஓடாது. அப்புறம் .எக்ஸ்இனிட்ஆர்சி என்பது ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை கொடுத்து டெஸ்க்டாப்புக்குள் நுழைபவர்களுக்கானது, வரைகலை லாகின் திரை வழியே வருபவர்களுக்கு அல்ல. பழைய வழிகாட்டிகளில் வரும் ஆர்சி.லோக்கல் இப்போது இயல்பாக இருப்பதே இல்லை. அந்தக் கோப்பை உருவாக்கி இயக்க அனுமதியும் கொடுத்தால் சிஸ்டம்டி ஓட்டும். ஆனால் ரூட்டாக (நிர்வாகக் கணக்கில்), யாரும் லாகின் செய்வதற்கு முன்பே ஓட்டும்.

திரையைத் தொடும் சின்ன வேலைகளுக்கு நான் நம்புவது .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் அடைவுதான். க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஈ எல்லாம் ஒரே விதிமுறையைப் பின்பற்றுவதால் டெஸ்க்டாப்பை மாற்றினாலும் கோப்பு செல்லும். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, ஸ்கிரிப்டையே அந்த அடைவில் போட்டுவிட்டுக் காத்திருப்பது. அங்கே எதிர்பார்க்கப்படுவது .டெஸ்க்டாப் கோப்பு. அடுத்தது எக்ஸிக் வரி. அது ஷெல்லிடம் போகும் என்ற உறுதி இல்லை; ~ குறி, $ஹோம், && எல்லாம் ஒரு டெஸ்க்டாப்பில் வேலை செய்து இன்னொன்றில் கைவிடலாம். ஹிட்டன் என்பது ட்ரூ என்று இருக்கிறதா, ஒன்லிஷோஇன் வரியில் வேறு டெஸ்க்டாப்பின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ3, ஸ்வே போன்றவை இந்த அடைவைத் தாமாகத் தொடுவதே இல்லை; அவற்றின் கான்ஃபிக் கோப்பில்தான் எக்ஸிக் வரி எழுத வேண்டும். அதிலும் எக்ஸிக்_ஆல்வேஸ் என்று எழுதினால் ஐ3ஐ மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி கூடும்.

பின்னணியில் நிற்க வேண்டியவை எல்லாவற்றையும் சிஸ்டம்டியின் பயனர் சர்வீஸ்களுக்கு (என் கணக்கின் கீழ் ஓடுபவை) மாற்றிவிட்டேன், அதில் எனக்கு முழுத் திருப்தி. ரீஸ்டார்ட் வரி எழுதியிருந்தால், விழுந்ததும் தானே எழுப்புகிறது. சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் ஏன் விழுந்தது என்று சொல்கிறது. ஜர்னல்சிடிஎல் --யூசர் -பி கொடுத்தால் இந்த பூட்டில் நடந்த மொத்தக் கதையும் வந்துவிடும். இந்த வெளிப்படைத்தன்மைக்காகவே மற்ற வழிகளை விட இதை மேலாக வைக்கிறேன். ஆட்டோஸ்டார்ட் அடைவையும் சேர்த்து ஆள, சிஸ்டம்டியில் 246ஆம் பதிப்பிலிருந்து ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் பயன்படுத்தும் டெஸ்க்டாப்களில் .டெஸ்க்டாப் கோப்புகளும் சர்வீஸ்களாகவே ஓடுவதால் அவற்றின் பதிவுகளையும் ஜர்னலிலேயே பார்க்கலாம்.

ஆனால் இதற்கும் தனிப் பொறிகள் இருக்கின்றன. ஸ்டார்ட் (இப்போது ஓட்டு) கொடுத்துவிட்டு எனேபிள் (இனித் தானாக ஓட்டு) கொடுக்காமல் விடுவது ஒன்று. அதைவிட நுணுக்கமானது, எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் வான்டட்பை வரி. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் சிஸ்டம் சர்வீஸுக்கானவை, அவற்றில் மல்டி-யூசர்.டார்கெட் என்று இருக்கும். பயனர் சிஸ்டம்டியில் அப்படி ஒரு டார்கெட்டே (தொடக்கக் கட்டமே) இல்லை. எனேபிள் கட்டளை பெரிதாக முரண்டு பிடிக்காது, கையால் ஸ்டார்ட் செய்தால் ஓடும், லாகினில் மட்டும் ஒருநாளும் ஓடாது. அங்கே டிஃபால்ட்.டார்கெட் இருக்க வேண்டும். திரை தேவைப்படும் வேலைக்கு அதுவும் போதாது, கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட் வேண்டும், ஆஃப்டர் வரியிலும் அதையே எழுத வேண்டும். லாகின்சிடிஎல் மூலம் லிங்கரை (லாகின் இல்லாமலும் ஓடவிடும் வசதி) இயக்கியிருந்தால் பயனர் சிஸ்டம்டி பூட்டிலேயே எழுந்துவிடும், அப்போது திரையின் நிழல்கூட இருக்காது. அதே போல நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பது சிஸ்டம் பக்கத்தைச் சேர்ந்தது. பயனர் யூனிட்டில் அதை எழுதி இணையத்துக்குக் காத்திருக்க முடியாது.

இன்னொன்று: ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு நிரலை & போட்டுப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டால், சர்வீஸ் முடிந்தது என்று கருதி சிஸ்டம்டி அந்த நிரலையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஸ்கிரிப்ட் ஓடியது, பிழையும் இல்லை, ஆனால் நிரலைக் காணோம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. & குறியை எடுத்துவிட்டு நிரலை முன்னணியிலேயே ஓடவிடுங்கள்.

பழைய எக்ஸ் திரை அமைப்பின் இடத்தில் வேலேண்ட் வந்த பிறகு புதிதாக ஒரு கூட்டம் இந்தச் சிக்கலுக்குள் வந்திருக்கிறது. ஃபெடோரா 25இலும் (2016) பிறகு உபுண்டு 21.04இலும் க்னோமுக்கு வேலேண்டே இயல்பானது. பல ஆண்டுகள் ஓடிய, எக்ஸுக்கான எக்ஸ்ராண்டர், எக்ஸ்மாட்மேப், எக்ஸ்டூடூல் வரிகள் அங்கே பிழையில்லாமல் ஓடி முடிந்தாலும் எதிர்பார்த்த பலன் இருக்காது. இது தொடக்கச் சிக்கலே அல்ல, டெர்மினலில் அதே கட்டளையைக் கொடுத்தாலும் அப்படித்தான். என் கேப்ஸ் லாக் மாற்றத்தை டெஸ்க்டாப்பின் சொந்த அமைப்புகளுக்கே கொண்டுபோய்விட்டேன். அதற்கென்று ஸ்கிரிப்ட் இப்போது இல்லை, அதுவே நல்லது.

நேரச் சிக்கலுக்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஸ்லீப் 10. எதனால் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க அது நல்ல சோதனை: ஸ்லீப் போட்டால் ஓடுகிறது என்றால் நேரம்தான் காரணம். நிரந்தரத் தீர்வாக வைத்தால் வட்டு மெதுவாக எழும் ஒரு நாளில் மறுபடி விழும். வட்டு மவுண்ட் ஆகிவிட்டதா என்று மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சில விநாடிக்கு ஒருமுறை கேட்டு, ஒரு எல்லைக்குப் பிறகு பிழைச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளும் சுழற்சிதான் என் ஆர்சிங்க் ஸ்கிரிப்டில் இருக்கிறது. நகலெடுப்பில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. வட்டு மவுண்ட் ஆகாத நிலையில் காலியான அடைவுக்குள் நகலெடுத்து உள்வட்டை நிரப்பிவிடும்; உங்கள் ஆவணங்கள் பத்திரமாக இருப்பதாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

மடிக்கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மூடியை மூடித் திறந்தால் பூட்டும் நடப்பதில்லை, லாகினும் நடப்பதில்லை. வாரக்கணக்கில் இப்படியே ஓட்டுபவருக்குத் தொடக்க ஸ்கிரிப்ட் ஒருமுறைதான் ஓடியிருக்கும். தினமும் நடக்க வேண்டிய வேலையை பர்சிஸ்டன்ட் வரியோடு கூடிய சிஸ்டம்டி டைமருக்கு மாற்றுங்கள். கணினி அணைந்திருந்தபோது தவறிய நேரத்தை அடுத்த முறை எழுந்ததும் ஈடு செய்துவிடும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டியதில்லை. என்வ் -ஐ கொடுத்து, ஹோமும் ஒரு குறுகிய பாத்தும் மட்டும் வைத்து ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். கிரான் தரும் வறண்ட சூழல் ஏறக்குறைய அதுதான். பயனர் சர்வீஸாக எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க சிஸ்டம்டி-ரன் --யூசர் போதும். இரண்டிலும் தேறிவிட்டால் ஒருமுறை லாக் அவுட், ஒருமுறை முழு ரீபூட். இரண்டையும் செய்து பாருங்கள், ஏனென்றால் வேறொரு செஷன் திறந்திருந்தால் லாக் அவுட் செய்தாலும் பயனர் சிஸ்டம்டி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சூழல் மாறிகள் அதில் அப்படியே தங்கியிருக்கும்.