சீனி வருத்தக் கிளினிக்: மூன்றரை நட்சத்திரம், அமெரிக்கச் சித்தப்பாவின் பேச்சையும் கேட்ட பிறகு

வன்னியில் இருக்கிற ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் சீனி வருத்தக் கிளினிக் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தில் எங்கே போனாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியவே போய் நம்பர் எடுக்காவிட்டால் மத்தியானம் தாண்டித்தான் வீடு. சாப்பிடாமல் இரத்தம் கொடுக்க வந்த வயதான சனம் வாங்கில் இருந்தபடியே சோர்ந்து சரிகிறது. டொக்டர் சிங்களத்தில் கேட்க, மிஸ் தமிழில் சொல்ல, அம்மா ஆற அமரச் சொன்ன முறைப்பாடெல்லாம் கடைசியில் ‘கால் விறைப்பு’ என்று சுருங்கித்தான் கொப்பியில் ஏறியது. சில மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருகிறார்கள், ஆனாலும் 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தோடு பார்த்தால் இப்போது பரவாயில்லை. கழிப்பறை பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அப்புறம் ஏன் மூன்றரை? பதிவு மேசை, இரத்தப் பரிசோதனை, டொக்டர், மருந்து கொடுக்கிற ஜன்னல் என்று எங்கேயும் ஒருவரும் காசு கேட்கவில்லை. கிளினிக் கொப்பி மட்டும்தான் கேட்டார்கள்.

விடுமுறைக்கு அமெரிக்காவில் இருந்து வந்திருந்த சித்தப்பாவும் அன்றைக்கு எங்களோடு வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, “அரசாங்கம் கைவச்சால் இப்பிடித்தான் பிள்ளை” என்றார். வரிசை விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் 65 வயது தாண்டியதும் அவருக்கே மருத்துவச் செலவை ஏற்கிறது மெடிகேர், 1965இல் வந்த அரசாங்கத் திட்டம்! அதைச் சொன்னால், “அது நான் உழைச்சுக் கட்டின காசு” என்கிறார். அவர் மட்டுமில்லை, 2009இல் ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதித் திட்டம் பற்றிய ஒரு கூட்டத்தில் ஒருவர் எழும்பி, என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று சொன்னது அங்கே பெரிய செய்தியானது. உழைத்துக் கட்டினால் உரிமை, சும்மா கிடைத்தால் சந்தேகம் என்ற கணக்கு அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் சம்பளத்தை உயர்த்தக் கட்டுப்பாடு இருந்ததால் கம்பனிகள் ஆள் பிடிக்கக் காப்புறுதி கொடுக்கத் தொடங்கின, அப்படியே வைத்தியம் வேலையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்குமான காப்புறுதித் திட்டம் கொண்டுவரப் பார்த்தபோது டொக்டர்மார் சங்கமே அதைச் சோசலிச மருத்துவம் என்று சொல்லிப் பயமுறுத்தியது.

லண்டன் அக்காவும் வரிசையைத் திட்டுவாள், ஆனால் 1948இல் தொடங்கிய அரசாங்க வைத்தியசேவையான என்எச்எஸ்ஸை மூடப் போகிறோம் என்று யாராவது சொன்னால் தெருவில் இறங்கிவிடுவாள். அதற்காக ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். சுவிஸில் மச்சான் தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக மாதாமாதம் காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டி முழி பிதுங்கி நிற்கிறார், 1996இல் இருந்து அங்கே அது கட்டாயம். ஜேர்மனியில் 1883இலேயே தொழிலாளர் நோய்க் காப்புறுதியைக் கொண்டுவந்த சான்சலர் பிஸ்மார்க் சோசலிஸ்ட் இல்லை, சோசலிஸ்டுகளின் பக்கம் தொழிலாளர் சாயாமல் பிடித்து வைக்கத்தான் அதைச் செய்தார். காசு போகிற வழி வேறு வேறு, ஆனால் காப்பு இல்லாமல் ஒருவரை விடலாம் என்ற பேச்சுக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

சித்தப்பா சொல்கிற மாதிரி வசதியுள்ளவர்கள் தனியார் பக்கம் போகலாம்தான், இங்கேயும் போகிறார்கள். கூலி வேலை செய்கிற குடும்பம் மாதாமாதம் எங்கே போவது?

போகிறவர்களுக்கு: பழைய மாத்திரை மட்டைகளையும் வெளியில் எடுத்த ரிப்போட்டுகளையும் கொண்டு போங்கள். இரத்தம் கொடுத்ததும் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும், கன்ரீனிலும் வரிசைதான். இரவில் அவசரம் என்றால் ஓட்டோ தேடி ஓடாமல் 1990 என்ற நம்பருக்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸுக்கும் காசு இல்லை.