ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றதும் தலையாட்டியவனின் எச்சரிக்கை

பழைய பிக்கப் வண்டியை வாங்கிவிட்டு, அதைப் பராமரிக்கத் தெரியாமல், பட்டறையில் சொல்வதையெல்லாம் நம்பிக் காசு கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஆனி மாதம், பொள்ளாச்சிக்கு வெளியே உள்ள ஒரு பட்டறையில், செய்யாத வேலைக்கு 41,600 ரூபாய் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். என் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அந்தப் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வண்டி 2013ஆம் ஆண்டின் மஹிந்திரா பொலேரோ பிக்கப். நான் வாங்கும்போது 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நூற்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், ஆலை மூடப்பட்ட பிறகு, பொள்ளாச்சிச் சந்தையில் காய்கறி எடுத்து வால்பாறைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடலாம் என்ற எண்ணத்தில் அதை வாங்கினேன். அதுவரை என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர் மட்டுமே. பானட்டைத் திறந்தால் எது ரேடியேட்டர், எது பேட்டரி என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. வாங்கிக் கொடுத்த தரகர் "டயர் போட்டுப் பத்து மாசந்தானுங்க ஆச்சு" என்றபோதும் நம்பினேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும் என்று தெரிந்துகொண்டபின் போய்ப் பார்த்தால், பின்சக்கரத்தில் 2316 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அது தனிக்கதை.

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முழுச் சுமையுடன் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒன்பதாம் வளைவில் உள்ள காட்சிமுனைக்குச் சற்று முன்பாகவே வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி நிறுத்தியபோது ரிசர்வ் டப்பாவிலிருந்து வெந்நீர் கொதித்து வழிந்தது. நல்லவேளையாக, அந்தச் சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முயன்ற என்னை அங்கே நின்றிருந்த வேன் ஓட்டுநர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துத் தடுத்தார். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, காய்கறியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கினேன்.

பட்டறையில் பானட்டைத் திறந்து பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க சார், ஹெட்டைக் கழற்றி லேத்துல ஃபேஸிங் பண்ணணும், இப்படியே ஓட்டினா எஞ்சினே சீஸ் ஆயிரும்" என்றார் பொறுப்பாளர். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஒழுகாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட்; ஃபேஸிங் என்பது ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது. எஞ்சின் சீஸ் ஆவது, அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிடுவது, என்ற சொல் என்னைப் போன்ற புதியவனை என்ன செய்யும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆறு நாள் வண்டியை வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கேஸ்கட் செட், ஃபேஸிங், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 5 லிட்டர், முழு வண்டிக்கும் கிரீஸ், கூலி எனத் துண்டுச்சீட்டில் எழுதிய கணக்கு 41,600 வந்தது. இருபது ஆண்டு கணக்கு எழுதியவன், கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள், அதே மலையில், ஏழாம் வளைவில் முள் மறுபடியும் சிவப்புக்குப் போனது.

இந்த முறை பட்டறைக்குத் திரும்பிப் போகாமல், சந்தையில் சுமை ஏற்றும் ஒருவர் சொன்னபடி, சொந்த வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஒரு டார்ச் விளக்கையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை அருகில் அழைத்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் நான்கு டீசல் பைப்புகளின் நட்டுகளைக் காட்டினார். அவற்றின் மேல் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கரும்பாறையாக இறுகியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டியபோது அது செதிலாகப் பெயர்ந்து வந்தது. "தம்பி, இந்த பைப்பைக் கழற்றாம ஹெட்டை எடுக்க முடியாதுங்க. இந்த நட்டுல ஸ்பேனர் பட்டுப் பல வருஷம் ஆயிருக்குமுங்க" என்றார். எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகளும் அப்படியே துருவோடு துருவாக இருந்தன. ஹெட்டைக் கழற்றவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

உண்மையான பழுது இரண்டு இடங்களில் இருந்தது. ரேடியேட்டர் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த மூடி வெறும் அடைப்பான் அன்று. அதன் ஸ்பிரிங் தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது. வளையம் கெட்டால் அழுத்தம் நிற்காது, ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து டப்பாவுக்கு ஏறி வெளியே வழிந்துவிடும். மற்றொன்று ஃபேன் பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குள் நிற்க வேண்டிய பெல்ட் என் வண்டியில் ஓர் அங்குலத்துக்கு மேல் அமுங்கியது. அதன் உட்பக்கம் வழுக்கிய தேய்வால் கண்ணாடிபோல் பளபளத்தது. அந்தப் பெல்ட்தான் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது. மூடி, பெல்ட், நல்ல கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 2,900 ரூபாய்.

கூலன்ட் என்று பட்டறையில் ஊற்றியிருந்தது பச்சை நிறம் கலந்த குழாய்த் தண்ணீர் என்பதும் அப்போது தெரியவந்தது. உண்மையான கூலன்ட்டை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்தால் வழவழப்பாக இருக்கும். இது தண்ணீர்போலவே ஓடியது, அடியில் துருவும் தங்கியிருந்தது. (வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. கூலன்ட் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு.)

எனக்கு அதிகம் வலித்தது ஆயில் ஃபில்டர் விஷயம்தான். வண்டியின் முந்தைய உரிமையாளர் ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவைப்பாராம். மெக்கானிக் அந்த ஃபில்டரைக் கழற்றித் துணியால் துடைத்தபோது, எஞ்சினை ஒட்டியிருந்த பக்கத்தில் "1,81,400" என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. முன்பக்கத்தை மட்டும் டீசலால் கழுவிப் பளபளப்பாக்கிவிட்டு, புதியதற்கான விலையை வாங்கியிருக்கிறார்கள். ஆயிலின் நிறத்தை வைத்து இதை நான் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சில நாள்களிலேயே கறுத்துவிடும். கறுப்பாக இருக்கிறது என்பதைக் காட்டி மறுபடியும் ஆயில் மாற்றச் சொல்வதும் ஒரு தந்திரம்தான். சீட்டில் எழுதியிருந்த ஆயிலின் அளவு, வண்டியின் கையேட்டில் உள்ளதைவிட ஒன்றரை லிட்டர் கூடுதல் என்பதை வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். கிரீஸ் அடித்ததாக எழுதியிருந்த பின்பட்டையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள்களில், கிரீஸ் ஏற்றும் முனைகளான நிப்பிள்களின் மேல் செம்மண் தொப்பி கலையாமல் இருந்தது. கிரீஸ் கன் வைத்திருந்தால் அந்த மண் முதலில் போயிருக்கும், பழைய கிரீஸ் ஓரங்களில் பிதுங்கி வந்திருக்கும்.

ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போவதும் உண்டு. அப்படிப் போனால் பெரும்பாலும் சில அடையாளங்களாவது தெரியும்: ஆயில் அளவு பார்க்கும் கம்பியான ஆயில் கேஜைப் பிடுங்கிப் பார்த்தால் ஆயில் பால்கலந்த காபி நிறத்தில் நுரைத்திருக்கும், ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழிகள் வரும், எங்கும் ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும், சூடேறிய பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காது. என் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எது உங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது என்று நான் அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்தப் பொறுப்பாளர் என்னை வேறு மாதிரி பார்த்திருப்பார்.

இப்போது காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் நிறுத்தி, ஆயில் கேஜை ஒருமுறை துடைத்து முழுவதும் செருகி எடுத்துப் பார்க்கிறேன். பாதி செருகிக் காட்டி ஆயில் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பிறகு கூலன்ட் அளவு, பெல்ட், பிரேக் ஆயில் டப்பா, தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மொத்தம் நான்கு நிமிடம் ஆகிறது. பட்டறைக்கு விடும்போது ஃபில்டரிலும் பெல்ட்டிலும் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டுத் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டு ஒரு பட்டறைக்காரர் முகம் சுளித்தார். அங்கே வண்டியை விடவில்லை.

துண்டுச்சீட்டை ரசீது என்று ஏற்றுக்கொண்டதுதான் என் பெரிய தவறு. நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் பதிவு செய்தேன்; பிறகு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பினேன். வணிகத்துக்கு ஓடும் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பட்டறை பதில் அனுப்பியது. ஆனால், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. வண்டியை நானே ஓட்டுகிறேன், வேறு வருமானம் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அறிவிப்புக்குப் பிறகு 12,000 ரூபாய் தருவதாக ஆள் அனுப்பினார்கள். மறுத்துவிட்டு, ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பணம் கைப்பேசி வழியாகப் போனதற்கான பதிவு, வெடித்த ரேடியேட்டர் மூடி, டீசல் பைப் நட்டுகளின் படங்கள் ஆகியவற்றுடன், 1,81,400 என்று எழுதிய அந்த ஃபில்டரும் செய்தித்தாளில் சுற்றி விசாரணையில் காட்டக் காத்திருக்கிறது.