சியோலிலிருந்து கொரிய எல்லைக்கு ஒரு சுற்றுலா: சேவை எப்படி இருந்தது?

சியோலிலிருந்து, வட, தென் கொரியாக்களுக்கு இடையிலுள்ள இராணுவமற்ற மண்டலத்துக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் அரைநாள் பயணத்தில் சென்று வந்தேன். பேருந்து சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டு சரிபார்ப்பையும் வழிகாட்டி பதற்றமின்றி முடித்துவைத்தார். ஏற்பாடுகளில் குறையில்லை. எனக்குள்ள குறை, அங்கே சொல்லப்பட்ட வரலாற்றைப் பற்றியது.

1950இல் மூண்ட போர்தான் கொரியாவைப் பிரித்தது என்று வழிகாட்டி தொடங்கினார். உண்மையில் நாடு அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே பிளக்கப்பட்டுவிட்டது. 1910 முதல் கொரியாவை அடிமைப்படுத்தி வைத்திருந்த ஜப்பான் தோல்வியின் விளிம்பில் நின்றபோது, சோவியத் படைகள் வடக்கிலிருந்து முன்னேறிக்கொண்டிருந்தன. அமெரிக்கப் படைகளோ தொலைவில் இருந்தன. தீபகற்பம் முழுவதும் சோவியத் வசமாகிவிடக் கூடாது என்ற அவசரத்தில், 1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவையொட்டி, டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரு அமெரிக்க அதிகாரிகள் ஒரு வரைபடத்தைப் பார்த்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தில், தலைநகர் சியோல் தங்கள் பக்கம் அமையுமாறு 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கொரியர் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. சரணடையும் ஜப்பானியப் படையினரைப் பொறுப்பேற்பதற்கான தற்காலிக ஏற்பாடாக வந்த அந்தக் கோடு, 1948இல் இரண்டு அரசுகளின் எல்லையாக இறுகிப்போனது.

தோரா கண்காணிப்பு மேடையிலிருந்து கேசோங் நகரம் இருக்கும் திசையைக் காட்டினார்கள். 38ஆம் கோட்டுக்குத் தெற்கே, முதலில் தென்கொரியாவிடம் இருந்த நகரம் அது. 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தம் புதிய கோட்டை வகுத்தபோது அது வடகொரியாவோடு சேர்ந்துவிட்டது. 38ஆம் கோட்டுக்கு வடக்கே இருந்த சோக்சோ நகரம் தென்கொரியாவுக்கு வந்தது. இதைச் சொல்லியிருந்தால், 1945இன் கோடும் இன்றைய எல்லையும் வேறு வேறு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் கண்ணெதிரிலேயே விளங்கியிருக்கும்.

தெற்கே ஊடுருவ வடகொரியா எல்லைக்கு அடியில் தோண்டிய, 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாம் சுரங்கத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கியவர்கள், எல்லைக்கு அருகேயுள்ள இம்ஜிங்காக் பூங்காவின் மாங்பேதானை அவசரமாகக் கடந்தார்கள். வடக்கில் விட்டுவந்த ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள், புத்தாண்டிலும் சுசோக் என்னும் அறுவடைத் திருநாளிலும் வந்து, வடக்கு நோக்கி முன்னோரை வணங்கும் மேடை அது. அதன் முன் நின்று ஒரு சொல்கூட விளக்காதது எனக்குப் பெரிதும் வருத்தமளித்தது.

சுரங்கத்தையும் கண்காணிப்பு மேடையையும் பார்க்க விரும்புவோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; கடவுச்சீட்டு கட்டாயம். இம்ஜிங்காக்குக்கு மட்டும் சுற்றுலாக் குழுவின்றித் தனியாகவே செல்லலாம் என்பதால், அதற்கென இன்னொரு நாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது.